விசுவாசம், கிரியை, நீதிமானாக்கப்படுதல்: வன்னிக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மன்னார் என்று எங்கே போனாலும் ஒரே ஒழுங்கையில் ஒரு கத்தோலிக்க வீடும், ஒரு மெதடிஸ்த வீடும், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் ஒரு வீடும் இருக்கும். பல இடங்களில் இந்த மூன்றும் ஒரே குடும்பத்தின் வீடுகள். அண்ணன் பூசைக்குப் போவார், தங்கச்சி சபைக்குப் போவார். செத்த வீட்டிலோ கலியாண வீட்டிலோ கூடும்போது பேச்சு எப்படியோ அங்கே போய் நிற்கும்: "நீங்கள் கிரியையால மோட்சம் போகப் பாக்கிறியள்." "நீங்கள் விசுவாசிச்சால் காணும், பிறகு என்னவும் செய்யலாம் எண்டிறியள்."

கிரியை என்பது இங்கே நற்செயல். இரண்டு குற்றச்சாட்டுமே தவறு. வேறுபாடு உண்டு, அது சிறியதும் அல்ல. ஆனால் நாம் சண்டை பிடிக்கும் இடத்தில் அது இல்லை. அது எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் இந்தக் கேள்வி பதில்.

நான் கத்தோலிக்கன், மறைக்கல்வி வகுப்பு எடுப்பவன். மனைவியின் வீட்டார் மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவர்கள். பதில்களில் எங்காவது கத்தோலிக்கச் சாய்வு தெரிந்தால் அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நீதிமானாக்கப்படுதல் என்றால் என்ன?

பாவியான மனிதன் கடவுளுக்கு முன்னால் சரியானவனாக நிற்பது எப்படி என்ற கேள்விக்கு வேதாகமம் கொடுக்கும் பதில் அது. கத்தோலிக்கர் இப்போது வாசிக்கும் விவிலியத்தில் 'ஏற்புடையவர் ஆதல்' என்று வரும். இரண்டும் ஒன்றுதான்.

லூக்கா 18இல் இயேசு சொன்ன உவமையை நினைத்துப் பாருங்கள். ஆலயத்துக்கு இரண்டு பேர் போகிறார்கள். பரிசேயன் தன் நோன்பையும் தசமபாகத்தையும் எண்ணிச் சொல்கிறான். ஆயக்காரன் தூரத்தில் நின்று, கண்ணைக்கூட உயர்த்தாமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன் ஆயக்காரன்தான். இந்த உவமையின் பொருளில் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் (மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் போன்றோர்) சண்டையே இல்லை. அதனால் எந்த விவாதத்தையும் இங்கிருந்து தொடங்குவது நல்லது.

கத்தோலிக்கர் நற்செயல்களால் மீட்புப் பெறலாம் என்று நம்புகிறார்களா?

இல்லை. ஜெர்மனியில் புரட்டஸ்தாந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் இயக்கத்துக்கு மறுமொழி சொல்வதற்காகத் திரெந்து நகரில் கூட்டப்பட்ட கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம், 1547 ஜனவரி 13ஆம் திகதி இதுபற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. அதில் 16 அதிகாரங்களும் 33 கண்டனத் தீர்மானங்களும் உண்டு. முதலாவது கண்டனம் லூத்தருக்கு எதிரானதாக இருக்கும் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆனால் அது, இயேசு கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதன் தன் சொந்தச் செயல்களாலேயே நீதிமானாகலாம் என்று சொல்பவருக்கு எதிரானது. எட்டாம் அதிகாரம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. விசுவாசமே மீட்பின் தொடக்கம், அடித்தளம், வேர். நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் மனிதனிடம் இருக்கும் எதுவும், அது விசுவாசமாக இருந்தாலும் செயலாக இருந்தாலும், அந்த அருளைச் சம்பாதித்துத் தராது.

இது திரெந்தில் புதிதாக வந்த போதனையும் இல்லை. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகலாம் என்ற பெலாஜியுஸின் கருத்தை 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் கண்டித்தார்கள். முதல் அடியை மட்டுமாவது மனிதன் தானாக எடுத்து வைக்கலாம் என்ற மென்மையான வடிவத்தையும் 529இல் ஒராஞ்சு சங்கம் மறுத்தது.

பிறகு ஏன் எல்லாரும் கத்தோலிக்கரைப் பற்றி இப்படி நினைக்கிறார்கள்? நம் ஆட்கள் பேசும் விதம் ஒரு காரணம். மறைக்கல்வி வகுப்பில் "மோட்சம் போக என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். "பூசைக்குப் போக வேணும்", "பொய் சொல்லக் கூடாது", "அம்மா அப்பா சொல் கேட்க வேணும்" என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். அருள் என்ற சொல் அபூர்வமாகத்தான் வரும். திருச்சபை கற்பிப்பது ஒன்று, பிள்ளைகளின் காதில் விழுவது இன்னொன்று. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

அப்படியென்றால் புரட்டஸ்தாந்தர் "விசுவாசித்தால் போதும், எப்படியும் வாழலாம்" என்று கற்பிக்கிறார்களா?

அதுவும் இல்லை. அவர்களுடைய மூல ஆவணங்களில் எதையும் திறந்து பாருங்கள். ஒல்லாந்தருடைய சீர்திருத்தத் திருச்சபை கையாண்ட ஹைடல்பெர்க் வினாவிடை 1563இல் எழுதப்பட்டது. நம் தகுதியால் அல்லாமல் கிருபையால் (கத்தோலிக்கர் அருள் என்பது) மீட்கப்பட்டிருக்க, ஏன் நற்கிரியை செய்ய வேண்டும் என்று அதன் 86ஆம் கேள்வி நேராகவே கேட்கிறது. கடவுளுக்கு நன்றி காட்ட, நம் விசுவாசம் மெய்யானது என்று அதன் கனிகளால் நாமே அறிய, அயலவரைக் கிறிஸ்துவிடம் ஈர்க்க என்று பதில் வருகிறது. இந்தப் போதனை மனிதரை அக்கறையற்றவர்கள் ஆக்காதா என்று 64ஆம் கேள்வி கேட்கும். கிறிஸ்துவோடு ஒட்டப்பட்டவன் நன்றியின் கனி கொடுக்காமல் இருக்கவே முடியாது என்பது அதற்குப் பதில்.

அங்கிலிக்கன் திருச்சபையின் 39 பிரமாணங்களில் 11ஆவது, விசுவாசத்தால் மட்டுமே நீதிமானாகிறோம் என்கிறது. அடுத்ததே நற்கிரியைகள் உயிருள்ள விசுவாசத்திலிருந்து கட்டாயம் பிறக்கும் என்கிறது. நீதிமானாக்குவது விசுவாசம் மட்டுமே, ஆனால் அந்த விசுவாசம் தனியாக வருவதில்லை என்பது சீர்திருத்தத் திருச்சபை மரபின் முன்னோடியான கால்வினின் நிலை. மெதடிஸ்தர் பக்கம் கேட்கவே வேண்டாம். 1738 மே 24ஆம் திகதி இலண்டனில் ஒரு கூட்டத்தில் உரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டு உள்ளம் அனலான, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிதான், பசித்தவருக்கு உணவு கொடுப்பதையும் சிறையில் இருப்பவரைப் பார்ப்பதையும் தன் சங்கத்தாருக்கு விதியாகவே எழுதி வைத்தார்.

அப்போ உண்மையான வேறுபாடு எங்கே?

கடவுள் ஒருவனை நீதிமானாக்கும்போது அவனுக்கு என்ன நடக்கிறது என்பதில்தான்.

லூத்தரும் கால்வினும் சொன்னது இது. கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் கணக்கில் எண்ணப்படுகிறது. கடவுள் அவனைப் பார்த்து "நீதிமான்" என்று தீர்ப்புச் சொல்கிறார். அவனுக்குள் பாவம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவன் நிற்பது தன் நீதியில் அல்ல, கிறிஸ்துவின் நீதியில். அதனால்தான் லூத்தர் விசுவாசியை ஒரே நேரத்தில் நீதிமான், ஒரே நேரத்தில் பாவி என்றார். உள்ளத்தில் நடக்கும் மாற்றத்தை அவர்கள் பரிசுத்தமாகுதல் என்பார்கள். அதுவும் அன்றைக்கே தொடங்கும், பிரிக்க முடியாதது. ஆனால் தீர்ப்பு அந்த மாற்றத்தின் மேல் சாய்ந்து நிற்பதில்லை.

கத்தோலிக்கர் இந்த இரண்டையும் ஒரே நிகழ்வாகப் பார்க்கிறார்கள். கடவுள் "நீதிமான்" என்று சொன்னால் அந்தச் சொல்லே அவனை நீதிமானாக்கிவிடுகிறது. மன்னிப்பும் உள்ளப் புதுப்பித்தலும் ஒன்றாகவே வருகின்றன. தூய ஆவியால் இறையன்பு உள்ளத்தில் பொழியப்படுகிறது என்ற உரோமர் 5:5ஐ அவர்கள் இங்கேதான் வைப்பார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் பாவத்தின் பக்கம் இழுக்கும் ஆசை மிஞ்சும். அதற்கு இணங்காத வரைக்கும் அது பாவம் இல்லை என்பது கத்தோலிக்க நிலை. அந்த ஆசையே பாவம் என்பது லூத்தரின் நிலை.

வாசிக்கும்போது இது மயிர் பிளக்கும் வாதம் போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. மற்ற எல்லாச் சண்டைக்கும் முடிச்சு இதுதான். நீதி முழுவதும் கிறிஸ்துவுடையது, என் கணக்கில் எண்ணப்பட்டது மட்டும் என்றால் அது கூடவும் குறையவும் வழி இல்லை. நேற்று மனந்திரும்பிய கள்ளனும் பவுல் அப்போஸ்தலரும் அந்த விடயத்தில் சமம். நீதி எனக்குள் தரப்பட்ட ஒன்று என்றால் அது வளரலாம், காயப்படலாம், சாவான பாவம் எனப்படும் பெரும் பாவத்தால் இழக்கப்படலாம், குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பக் கிடைக்கலாம், இறந்த பின்னும் சுத்திகரிக்கப்பட வேண்டியிருக்கலாம். உத்தரிக்கிற ஸ்தலம் (அந்தச் சுத்திகரிப்பு நிலை), புனிதர்கள், பேறுபலன் (நற்செயலுக்குக் கடவுள் முன் உள்ள தகுதி) எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. வேரைப் பேசாமல் கிளைகளில் ஏறி நின்று அடிபடுவதால்தான் நம் விவாதங்கள் முடிவதே இல்லை.

இரண்டாவது, விசுவாசம் என்று எதைச் சொல்கிறோம் என்பது. திரெந்தின் ஆயர்களுக்கு விசுவாசம் என்பது முதலில் கடவுள் வெளிப்படுத்தியதை உண்மை என்று ஏற்பது. அப்படிப்பட்ட விசுவாசம் அன்பு இல்லாமலும் இருக்கக்கூடும். எனவே 'விசுவாசம் மட்டும்' என்பது அவர்களுக்கு ஆபத்தாகப் பட்டது. லூத்தருக்கு விசுவாசம் என்பது முழு மனிதனும் கிறிஸ்துவைப் பற்றிக்கொள்ளும் நம்பிக்கை. 2008 நவம்பர் 19ஆம் திகதி பொது மறையுரையில் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற் இதைத் தொட்டுப் பேசினார். விசுவாசத்தை அன்புக்கு எதிராக நிறுத்தாவிட்டால், 'விசுவாசம் மட்டும்' என்ற லூத்தரின் கூற்று சரியானதே என்றார். அவர் சுட்டிய பாதை கலாத்தியர் 5:6, அன்பினால் செயலாற்றும் விசுவாசம்.

மூன்றாவது பேறுபலன். நீதிமானாக்கப்பட்டவன் அருளோடு செய்யும் நற்செயலுக்குக் கடவுள் முன் உண்மையான மதிப்பு உண்டு என்பார்கள் கத்தோலிக்கர். வெகுமதி உண்டு, ஆனால் அதைத் தகுதி என்று சொல்லக் கூடாது என்பார்கள் புரட்டஸ்தாந்தர். கடவுள் நம் தகுதிகளுக்கு முடிசூட்டும்போது தன் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்று புனித அகுஸ்தீன் சொன்னதை இரு பக்கமும் மேற்கோள் காட்டுவது வழக்கம். குழந்தை இயேசுவின் புனித தெரேசாளோ 1895இல் எழுதிய அர்ப்பணச் செபத்தில், வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு உம் முன் வருவேன், என் செயல்களை எண்ண வேண்டாம் என்று கேட்கிறாள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, பேறுபலன் பற்றிய பகுதியை அவளுடைய இந்தச் செபத்தோடுதான் முடிக்கிறது. எத்தனை கத்தோலிக்கருக்கு இது தெரியும்?

தமிழ் வைணவர் நடுவில் இதற்கு நெருக்கமான ஒரு பழைய விவாதம் உண்டு. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். அது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனையோ குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும்; அது தென்கலையாரின் மார்ஜார நியாயம். கத்தோலிக்கரைக் குரங்கு பக்கமும் புரட்டஸ்தாந்தரைப் பூனை பக்கமும் வைக்கப் பலருக்கு ஆசை வரும். பொருந்தாது. பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் திருச்சபை, பிள்ளை எதையும் பிடிப்பதற்கு முன்பே அருள் வருகிறது என்றுதானே சொல்கிறது? இரண்டு பக்கமும் பூனையில்தான் தொடங்குகிறார்கள். தூக்கிச் செல்லப்பட்ட குட்டிக்குப் பின்னால் நடக்கும் வலு கொடுக்கப்படுகிறது, அந்த நடையையும் தாய் கணக்கில் எடுக்கிறாள் என்பது கத்தோலிக்கம். குட்டி நடக்கும், நடந்தே தீரும், ஆனால் தாய் அதைத் தூக்கியதற்கும் வைத்திருப்பதற்கும் அந்த நடை காரணமில்லை என்பது சீர்திருத்த மரபு.

பவுல் ஒன்று சொல்கிறார், யாக்கோபு வேறொன்று சொல்கிறாரே?

உரோமர் 3:28 கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினால் என்கிறது. யாக்கோபு 2:24 விசுவாசத்தினால் மட்டுமல்ல, கிரியைகளினாலும் என்கிறது. வீட்டுச் செபக் கூட்டங்களில் ஒருவர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்வார், மற்றவர் மற்றதை. பிறகு சத்தம்தான்.

யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். புற இனத்தார் கடவுளின் மக்களாக வருவதற்கு விருத்தசேதனமும் மோசேயின் சட்டமும் வேண்டும் என்று நின்றவர்களிடம் பவுல் பேசுகிறார். உள்ளே வருவதற்குக் கட்டணம் இல்லை என்பது அவர் செய்தி. உள்ளே வந்த பின் சகோதரனைக் கைவிடுபவர்களிடம் யாக்கோபு பேசுகிறார். உடுக்க உடுப்பும் அன்றாட உணவும் இல்லாதவனிடம் "சமாதானமாகப் போ, குளிர் காய்ந்து கொள், வயிறாரச் சாப்பிடு" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று கேட்கிறார். தறப்பாள் கொட்டிலுக்குள் மாரி மழையைக் கழித்த வன்னிச் சனத்துக்கு இந்த வசனத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களையும், ஒரு பாய் கொண்டு வந்து தந்தவர்களையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இருவருமே ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள். பவுல் எடுப்பது தொடக்கநூல் (ஆதியாகமம்) 15:6, ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு அதையும் சொல்கிறார், கூடவே 22ஆம் அதிகாரத்துக்கும் போகிறார், ஈசாக்கைப் பலியிடக் கொண்டு போன மலைக்கு. அங்கே ஆபிரகாமின் விசுவாசம் மெய் என்று காட்டப்பட்டது என்பார்கள் புரட்டஸ்தாந்தர். அங்கே அவருடைய நீதி வளர்ந்து நிறைவானது என்பார்கள் கத்தோலிக்கர். திரெந்தின் பத்தாம் அதிகாரம் யாக்கோபின் வசனத்தை நீதியில் வளர்வதற்கான சான்றாகவே எடுக்கிறது. ஆக, முதல் முடிச்சு இங்கேயும் வருகிறது.

லூத்தர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று சொன்னாராமே என்றும் கேட்பார்கள். 1522இல் எழுதிய முன்னுரையில் சொன்னார். பிந்திய பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார். இதை வைத்து மெதடிஸ்தரைக் குத்துவது நியாயமில்லை.

மடுவுக்கு நேர்த்தி வைத்துப் போவது கிரியையால் மீட்புத் தேடுவதுதானே?

சபைக்குப் போகும் உறவினர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். நேர்மையான கேள்வி.

மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு, அங்கே காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, மூன்று கல் வைத்துச் சமைத்து, நாட்கணக்கில் தங்கும் சனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை கோயில் வாசலிலிருந்து பீடம் வரை ஒரு வயதான அம்மா முழங்காலில் போனார். கையில் கொளுத்தாத மெழுகுதிரி. நடுவில் நின்று மூச்சு வாங்கி, சேலைத் தலைப்பை முழங்காலுக்குக் கீழே மடித்து வைத்து, மறுபடியும் நகர்ந்தார். வெளியே வந்த பிறகு ஏன் அம்மா இப்படி என்று கேட்டேன். "பேரன் உயிரோட வந்திட்டான் தம்பி. மாதாவுக்கு நன்றி சொல்ல வந்தனான்" என்றார். மோட்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹைடல்பெர்க் வினாவிடை நற்கிரியைக்கு முதல் காரணமாகச் சொல்லும் அதே நன்றிதான் அது. பிள்ளைப்பேறு சுகமாக முடிந்தால் என் மனைவி வீட்டார் நன்றிக் கூட்டம் வைத்துக் காணிக்கை கொடுப்பதும் இதே மனதோடுதான்.

கத்தோலிக்கப் போதனைப்படி நேர்த்தி யாரையும் நீதிமானாக்காது. மாதா செய்வது பரிந்துரை. அருள் வருவது கிறிஸ்துவிடமிருந்து. சரி, எல்லோரும் அந்த அம்மா போலவா போகிறார்கள்? இல்லை. "வெளிநாட்டு விசா கிடைத்தால் இத்தனை மெழுகுதிரி" என்று பேரம் பேசுகிறவர்களும் உண்டு. மடு மண்ணை எடுத்துக்கொண்டு வந்து வீட்டைச் சுற்றித் தூவிவிட்டு, அந்த வீட்டுக்குள்ளேயே அண்ணனும் தம்பியும் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பதும் உண்டு. அதைக் காட்டி ஒரு புரட்டஸ்தாந்தர் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோயைக் கத்தோலிக்கப் போதனை என்று சொல்லக் கூடாது.

பூசைக்குக் காசு கொடுப்பது, பரிபூரண பலன் இதெல்லாம்?

1517இல் லூத்தர் 95 கருத்துகளை எழுதக் காரணமே இதுதான். உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் திரட்ட, ஜெர்மனியில் டெற்செல் என்ற குருவானவர், பாவத்துக்கான தண்டனை நீங்கும் என்று சொல்லிப் பலன் பத்திரங்களைப் பரப்பிய விதம் வெட்கக்கேடானது. கத்தோலிக்கத் திருச்சபையே பின்னர் 1567இல் பணத்தோடு தொடர்புபட்ட பலன்களை இரத்துச் செய்தது. பலன் என்ற போதனை இன்றும் இருக்கிறது. அது பாவத்தை மன்னிப்பதில்லை. ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவம் விட்டுச்சென்ற வடுவோடு தொடர்புடையது. பூசைக் காணிக்கை குருவானவரின் பராமரிப்புக்கானது. பணம் இல்லாதவர் கருத்துக்கும் பூசை ஒப்புக்கொடுக்கும்படி திருச்சபையின் ஒழுங்கு வலியுறுத்துகிறது.

"நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். என்ன சொல்வது?

முதலில் கதிரை போட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுங்கள். அவர்கள் உங்களுக்கு நல்லது வர வேண்டும் என்றே வெயிலில் நடந்து வந்திருக்கிறார்கள்.

பிறகு பவுலைப் போலவே பதில் சொல்லலாம். அவர் மீட்பை மூன்று காலத்திலும் பேசுகிறார். மீட்கப்பட்டோம் என்பது உரோமர் 8:24. மீட்கப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது 1 கொரிந்தியர் 1:18. மீட்கப்படுவோம் என்பது உரோமர் 5:9. சபையார் முதலாவதை அழுத்துவார்கள், கத்தோலிக்கர் மூன்றாவதை. இரண்டும் வேதத்தில் இருக்கிறது.

அடியில் இருப்பது நிச்சயம் பற்றிய கேள்வி. என் மீட்பு எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? கடவுளின் வாக்கை நம்பினால் தெரியும் என்றார் லூத்தர். தேவனின் பிள்ளை என்று ஆவியானவரே உள்ளத்தில் சாட்சி சொல்கிறார் என்றார் வெஸ்லி. கடவுளின் இரக்கத்தில் சந்தேகமே வேண்டாம், ஆனால் என் மனம் என்னை ஏமாற்றக்கூடும் என்றது திரெந்து. 1431இல் ஜோன் ஆஃப் ஆர்க்கை விசாரித்தவர்கள் நீ அருள் நிலையில் இருக்கிறாயா என்று கேட்டு, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மாட்டிக்கொள்ளும்படி பொறி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த நாட்டுப்புறப் பெண், இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைக்கட்டும், இருந்தால் என்னை அதிலேயே காக்கட்டும் என்றாள். வாசலில் நிற்பவருக்குக் கத்தோலிக்கர் சொல்ல இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா?

கத்தோலிக்கரும் லூத்தரன்களும் மெதடிஸ்தரும் முடியும் என்கிறார்கள். கால்வின் வழி வந்தவர்கள் மெய்யாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் விழுந்துவிட மாட்டார் என்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் இரு நிலைகளும் உண்டு. எனவே இதைக் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான சண்டை என்று நினைக்க வேண்டாம். அது புரட்டஸ்தாந்தர்களுக்கு உள்ளேயே நடக்கும் விவாதம்.

என் மகன் 2009இல் இறந்தான். பாவசங்கீர்த்தனம் இல்லை, குருவானவர் இல்லை, சேமக்காலையில் ஒரு குழிகூட இல்லை. அவன் நிலை என்ன?

அம்மா, உங்கள் மகன் கடவுளை இழந்துவிட்டான் என்று சொல்லும் அதிகாரம் இந்தப் பூமியில் எவருக்கும் இல்லை. குருவானவருக்கும் இல்லை, பாஸ்டருக்கும் இல்லை.

கத்தோலிக்கப் போதனை இதில் தெளிவானது. ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் போன்ற அருளடையாளங்களுக்குள் மீட்பைக் கட்டிவைத்த கடவுள், தான் அவற்றுக்குள் கட்டுப்பட்டவர் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வழியில்லாத இடத்தில், கடவுள் மேல் உள்ள அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபம் சாவான பாவத்தையும் போக்கும். அதற்குக் குருவானவர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. ஒரு கணம் போதும். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குக் கிடைத்ததும் அந்தக் கடைசி நேரம்தான். முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிகளுக்குள் எத்தனை பேர் அப்படிக் கடவுளைக் கூப்பிட்டார்கள் என்று அவருக்கு மட்டும் தெரியும். இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதி மற்றவர்கள் கல்லறைகளில் திரி கொளுத்தும்போது எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால், கோயில் சிலுவையடியில் கொளுத்துங்கள். செபத்துக்குக் குழி தேவையில்லை.

புரட்டஸ்தாந்த உறவினர்கள் இறந்தவருக்காகச் செபிக்க மாட்டார்கள். அது அன்பு இல்லாததால் அல்ல. கிறிஸ்துவின் நீதி முழுமையானது, அதோடு நாம் சேர்க்க ஒன்றும் இல்லை என்று அவர்கள் நம்புகிறார்கள். மகனைத் தந்ததற்கு நன்றி சொல்லி, உங்களுக்காகச் செபிப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் "அவர் இரட்சிக்கப்படாமல் போய்விட்டார்" என்று பிள்ளை இழந்த வீட்டில் யாராவது சொன்னால், அவர் தன் சபையின் போதனைக்கே விரோதமாகப் பேசுகிறார். மீட்பு கிருபையால் மட்டுமே என்றால், இன்னொருவனுடைய கடைசி மணித்தியாலத்தில் கிருபை என்ன செய்தது என்று பார்க்க அவருக்குக் கண் எங்கே இருக்கிறது?

சைவர்களான எங்கள் அயலவர்கள்? எவ்வளவு நல்லவர்கள்!

கத்தோலிக்க நிலையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஏட்டின் 16ஆம் பகுதியில் சொன்னது. தன் தவறில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி அருளின் தூண்டுதலால் நடப்பவரும் மீட்பு அடையலாம். இங்கேயும் நற்செயல் மீட்பை வாங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் அறியாமலே அவர்களுக்குள் வேலை செய்யும் அருள்தான் பேச்சு. புரட்டஸ்தாந்தரில் சிலர் இதை ஏற்பதில்லை, சிலர் கடவுளின் கையில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சண்டை எங்கள் ஊருக்கு எப்படி வந்தது?

ஆட்சி மாற்றத்தோடு வந்தது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். தங்கள் சீர்திருத்தத் திருச்சபையைக் கொண்டு வந்து கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். 1670இல் மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தோடு காட்டுக்குள் போன குடும்பங்களால்தான் மடு உண்டானது. 1687இல் இந்தியாவிலிருந்து வந்த யோசேப்பு வாஸ் முனிவர் ஒளிந்து ஒளிந்து அருளடையாளங்களைக் கொடுத்தார். அவரை 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் அன்றே மடுவுக்கும் வந்தார். இப்போதுள்ள மெதடிஸ்தர் 1814இலும், தென்னிந்தியத் திருச்சபைக்கு முன்னோடியான அமெரிக்க மிஷன் 1816இலும் வந்தவர்கள். ஒல்லாந்தர் செய்ததற்கு இவர்கள் பொறுப்பில்லை.

இரண்டு பக்கமும் ஏதோ ஒப்பந்தம் செய்தார்களாமே?

ஆம். 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. லூத்தர் தன் 95 கருத்துகளை வெளியிட்ட அதே நாள். அதன் நடு வாக்கியத்தின் சாரம் இது: நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார்; நம் உள்ளத்தைப் புதுப்பித்து, நற்செயல்களுக்கு வலுவூட்டி அழைக்கும் தூய ஆவியையும் பெறுகிறோம்.

உலக மெதடிஸ்த பேரவை 2006இல் இதனோடு இணைந்தது. அங்கிலிக்கன் ஆலோசனைப் பேரவை 2016இல் இதன் சாரத்தை ஏற்றது. சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஐக்கியம் 2017இல் சேர்ந்தது. அதாவது வன்னியில் இருக்கும் கத்தோலிக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபையாருடைய உலகக் குடும்பங்கள் எல்லாமே இந்த அடிப்படை வாக்கியத்தில் ஒன்றாக நிற்கின்றன. இருந்தும் இதைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு மிகவும் வேதனையான விடயம் இது. தலைவர்கள் கையெழுத்துப் போட்ட பின்பும் சனம் பழைய குற்றச்சாட்டையே சுமந்துகொண்டு திரிகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. நீதிமானும் பாவியும் ஒரே ஆளா, பேறுபலன் என்ற சொல் ஆகுமா என்பவற்றில் தங்கள் தங்கள் விளக்கத்தோடுதான் கையெழுத்திட்டார்கள். அமெரிக்காவின் மிசூரி சினொட் போன்ற லூத்தரன் அமைப்புகள் இதை ஏற்கவில்லை. நற்கருணையை இன்னும் ஒன்றாக வாங்க முடியாது. பெந்தெகொஸ்தே சபைகள் இதில் பங்காளிகளும் இல்லை.

கணவன் கத்தோலிக்கம், மனைவி மெதடிஸ்தம். பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

சின்ன வயதில் அந்த 1999 வாக்கியமே போதும். கடவுள் உன்னை முதலில் நேசித்தார், நீ நல்ல பிள்ளை என்பதற்காக அல்ல. அவர் நேசிப்பதால் நீ நல்லது செய்யலாம். இதைச் சொல்ல எந்தச் சபையும் தடுக்காது.

சாதாரணதரப் பரீட்சை வயதில் பிள்ளை தானாகவே கேட்கத் தொடங்கும். அப்போது வேறுபாட்டை மறைக்க வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம். இரண்டு வேதாகமத்தையும் மேசையில் வைத்து ஒரு நாளைக்கு ஒரு பகுதியாக வாசியுங்கள். லூக்கா 18, உரோமர் 3, 4, கலாத்தியர் 5, மத்தேயு 25, கடைசியாக யாக்கோபு 2 என்ற வரிசை நல்லது. பசித்திருந்தேன், எனக்கு உணவு தந்தீர்கள் என்ற மத்தேயு 25இல் நிறுத்தி, அங்கே நீதிமான்கள் "எப்போது செய்தோம்?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்பதைக் காட்டுங்கள். அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. யாக்கோபுக்கு வந்ததும் பிள்ளையிடமே கேளுங்கள்: ஆபிரகாம் நீதிமானானது தொடக்கநூல் 15ஆம் அதிகாரத்திலா, 22ஆம் அதிகாரத்திலா? தாயும் தகப்பனும் அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், பிள்ளை இரண்டு அதிகாரத்தையும் வாசித்து முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.